வண்டியின் தலைக்கயிறு

“முழுசா வித்துடலாம் அண்ணி. ஓடுற வண்டியை யாராவது அறுத்துக் கூறு போடுவாங்களா?”

“ஓடுற ஆட்டைத்தானே அறுக்கிறோம்? செத்த ஆட்டையா அறுக்கிறோம்?” என்றாள் அனார்குல்.

குபாத் தேநீர்க் கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தான். அண்ணியிடம் வாய் கொடுத்து ஜெயித்ததாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் பேர் கிடையாது.

“குட்டிப் பையா, வாங்குற ஆள் யாருன்னு இன்னும் நீ சொல்லல.”

அந்த ஊரில் மருமகளாக வந்தவள் புருஷனின் தம்பிமார் பேரை வாயால் சொல்லக் கூடாது. அனார்குல் வந்த புதிதில் குபாத் மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த பொடியன். அன்று அவள் வைத்த பட்டப்பேர்தான் ‘குட்டிப் பையன்’. இன்று அவனுக்குத் தொப்பை இருக்கிறது, நரைத்த தாடி இருக்கிறது, பெண் எடுத்த மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பேர் மட்டும் வளரவே இல்லை.

“நல்ல இடம் அண்ணி.”

“நல்ல இடத்துக்குப் பேர் இருக்கும்ல?”

“மேல இருக்கிறவங்க.”

“மேல கடவுள்தான் இருக்காரு. அவருக்கு எதுக்கு மோட்டார் சைக்கிள்?”

குபாத் தாடியைச் சொறிந்தான். கடைசியில் வேறு வழியில்லாமல், “கனிஷாய்” என்றான்.

அனார்குல் வெந்நீர் கொதிக்கும் சமோவாரின் குழாயைத் திருகி அவன் கிண்ணத்தை விளிம்பு வரைக்கும் நிரப்பினாள். வந்தவர் இருக்கவேண்டும் என்றால் அரைக் கிண்ணம் ஊற்றுவார்கள், திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். குபாத்துக்கு அது தெரியாதா? தெரிந்தும் கிண்ணத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

அனார்குல்லின் புருஷன் அசனாலி போய் ஓராண்டு ஆகிவிட்டது. வருஷ விருந்துக்குக் குதிரை அறுத்து, ஊரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கறியைக் கொடுத்தனுப்பியும் ஆயிற்று. அவனுடைய கோட்டும் சேணமும் போகவேண்டிய கைக்குப் போய்விட்டன. மிஞ்சியது கொட்டகையில் நிற்கும் உரால் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தில் ஓர் ஆள் உட்காரும் இரும்புத் தொட்டி ஒட்டியிருக்கும். ஊரில் அதைத் தொட்டில் என்பார்கள். சந்தைக்கு, சாவுக்கு, கல்யாணத்துக்கு, எங்கே போனாலும் அந்தத் தொட்டிலில்தான் அனார்குல் போனாள். மடியில் ஒரு ஆட்டுக்குட்டியோ மாவு மூட்டையோ இருக்கும்.

ஆனால் சாயங்காலங்களில் அந்த வண்டி தொட்டில் காலியாக, அவளை விட்டுவிட்டுப் போனது. வாசலைத் தாண்டி, மேட்டுத் தெருவில் உறுமிக்கொண்டே ஏறும். உச்சியில் இருக்கிற கடைசி வீட்டில் சத்தம் நிற்கும். அங்கே கனிஷாய் இருந்தாள். முல்லாவை வைத்து ஓதி அசனாலி சேர்த்துக்கொண்ட இரண்டாவது பெண்சாதி. சத்தம் எங்கே நிற்கிறது என்று தெரு முழுக்கக் காது கொடுக்கும். காலையில் அனார்குல் தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றுபோகும்.

இனி அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த என்ஜின் சத்தம் தன் வாசலில் மறுபடி கேட்கக் கூடாது. அந்த வண்டிமேல் கனிஷாய் உட்கார்ந்து போகக் கூடாது.

“அறுத்துத்தான் விப்பேன்” என்றாள். “என்ஜின் ஒருத்தனுக்கு, சக்கரம் ஒருத்தனுக்கு, தொட்டில் இன்னொருத்தனுக்கு. ஒண்ணையொண்ணு பாக்கவே கூடாது. தேநீர் ஆறுது பாரு.”

குபாத் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் கனிஷாய் தானே வந்தாள். கழுதையின் இரண்டு பக்கமும் பால் கேன்கள். மேல் தெருப் பாலையெல்லாம் சேர்த்து, கீழே பெரிய ரோட்டில் வந்து நிற்கும் பால் லாரியில் ஊற்றுவதுதான் அவள் பிழைப்பு. கேட்டுக்கு வெளியே நின்றபடி, முறை தவறாமல் ஆரம்பித்தாள்.

“அக்கா, நல்லா இருக்கீங்களா? ஆடு, மாடு எல்லாம் நல்லா இருக்கா?”

“எல்லாம் இருக்கு. இல்லாமப் போனது ஒண்ணுதான். அதுவும் உன் வீட்டுலதான் போச்சு.”

கனிஷாய் அதை விழுங்கிக்கொண்டாள். அசனாலிக்கு மூச்சு நின்றது அவள் வீட்டில்தான். ஊர்க்காரர்கள் உடம்பை இறக்கித்தான் கொண்டுவந்தார்கள்.

“வண்டியை எனக்குக் கொடுங்க. கழுதை ரோட்டுக்கு இறங்குறதுக்குள்ள பால் திரிஞ்சிடுது. லாரிக்காரன் கொட்டிட்டுப் போங்கறான்.”

“தயிர் வித்துக்கோ.”

“மெனக்கெட்டு வந்து கேக்குறேன் அக்கா.”

“கேக்காம எடுத்துக்கிட்டது ஒண்ணு. கேட்டு எடுத்துக்கிறது இன்னொண்ணா?”

“அந்த வண்டி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். அவர் எனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தாரு. மேய்ச்சல் மேட்டுல, புல்லுல.”

இது அனார்குல்லுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் ஹேண்டிலைத் தொட்டுப்பார் என்றுகூட அவளிடம் சொன்னதில்லை. முகம் மாறாமல் இருக்க அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு எதுக்குடி ஓட்டக் கத்துக்கணும்? நான் தொட்டில்ல போனவ. ராணி மாதிரி.”

“அதான் அக்கா. உங்களுக்கு உக்காரத் தெரியும். எனக்கு ஓட்டத் தெரியும்.”

கழுதை தலையை ஆட்டியது. பால் கேன்கள் முட்டிக்கொண்டன.

“வாசலுக்கு வந்தவளுக்கு ஒரு துண்டு ரொட்டிகூட நீட்டலையே நீங்க” என்றாள் கனிஷாய். எதிரியே வந்து நின்றாலும் ரொட்டியைப் பிய்த்துத் தராமல் அனுப்புகிற வழக்கம் அங்கே இல்லை.

“நாய்க்குப் போட்டுட்டேன். நீ கொஞ்சம் முந்தி வந்திருக்கணும்.”

அன்று மத்தியானமே அனார்குல் முகாஷுக்கு ஆள் விட்டாள்.

முகாஷ் கடைவீதியில் பழைய கன்டெய்னர் ஒன்றுக்குள் உதிரிபாகம் விற்கிறவன். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். டேங்கைத் தட்டிப் பார்த்தான், என்ஜினுக்குக் கீழே கைவிட்டு எண்ணெய்க் கசிவு பார்த்தான், உச்சுக்கொட்டினான்.

“அக்கா, இதை அறுத்தா பாவம் பிடிக்கும்.”

“பாவத்தை நான் பிடிச்சுக்கிறேன். நீ ஸ்பேனரைப் பிடி.”

பிடித்தான். சாயங்காலத்துக்குள் கொட்டகைத் தரையில் வண்டி கூறு போட்ட கறி மாதிரி கிடந்தது. என்ஜினையும் கியர் பாக்ஸையும் முகாஷே எடுத்துக்கொண்டான். மலைமேல் ஆடு மேய்க்கிற ஒருவன் வந்து, உப்புக்கட்டி ஏற்றிப்போக ஆகும் என்று தொட்டிலைக் கேட்டான். சட்டத்தையும் சக்கரங்களையும் டேங்கையும் யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, வேடிக்கை பார்க்க வந்து நின்ற குபாத் தொண்டையைச் செருமினான்.

“அதை நான் எடுத்துக்கிறேன் அண்ணி.”

“உனக்கு எதுக்கு?”

“கோழிக்கூடு கட்டலாம்னு.”

“டேங்க்?”

“கோழிக்குத் தண்ணி வைக்க.”

அவள் அப்போதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும். ஆனால் அவள் நினைப்பு வேறு இடத்தில் இருந்தது. முகாஷ் என்ஜினை வேனில் தூக்கி வைத்துக் கதவைச் சாத்தப்போனபோது குறுக்கே போய் நின்றாள்.

“இரு. தலைக்கயிறு எங்கே?”

“என்ன கயிறு அக்கா?”

“குதிரையை வித்தா தலைக்கயிறைக் கழட்டி வீட்டுல வச்சுக்கிறோமா இல்லையா? கயிறோட அனுப்பினா வீட்டுக் கொடுப்பினையும் அது பின்னாலேயே போயிடும்.”

“இது இரும்பு அக்கா.”

“லாடமும் இரும்புதான்.”

முகாஷ் சிரித்தான். சரி, கிழவியோடு எதற்கு வம்பு என்று பெட்ரோல் டேங்கின் மூடியைக் கழற்றி நீட்டினான்.

“இது தொப்பி” என்றாள் அனார்குல். “கயிறு எங்கே?”

ஹேண்டிலில் இருந்து ரப்பர் பிடியை உருவிக் காட்டினான்.

“அது காது.”

“அப்போ நீங்களே காட்டுங்க.”

அவள் வேனுக்குள் எட்டி, கியர் பாக்ஸின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த உதைகாலைத் தொட்டாள். “இது.”

“அது கிக்கர் அக்கா.”

“தெரியும். பொழுது சாஞ்சா மனுஷன் இதைத்தான் உதைப்பாரு. உதைச்சதும் வண்டி மேல் தெருவுக்குக் கிளம்பும். எதைத் தொட்டா அது கிளம்புதோ அதுதான் கயிறு. கழட்டு.”

முகாஷ் போல்ட்டோடு கழற்றிக் கொடுத்தான். கடையில் வேறு கிக்கர் இல்லாமலா போகும்? அனார்குல் அதைத் துணியால் துடைத்து, கொட்டகையில் விற்றுப்போன குதிரைகளின் கயிறுகள் தொங்குகிற ஆணியில் மாட்டினாள். அன்று அவளுக்கு ஒரு நிம்மதி. நான்கு திசைக்கும் பிரித்து அனுப்பியாயிற்று. இனி அந்தச் சத்தம் எங்கே இருந்து வரும்?

புல் அறுத்துக் காயவைக்கிற பருவம் வந்தது. ஒரு விடிகாலை அனார்குல் மாட்டின் மடியில் கை வைத்துப் பால் கறந்துகொண்டிருந்தாள். மேலே இருந்து ஏதோ உருண்டுவருகிற மாதிரி கேட்டது. சக்கரம் கல்லில் தடதடக்கிற ஓசை, அவ்வளவுதான். யாரோ வண்டியை அவிழ்த்துவிட்டுவிட்டார்கள் போல என்று நினைத்தாள். ஓசை இறங்கிவந்து சரியாக அவள் வாசலுக்கு நேரே வந்ததும் சைலன்சர் துப்பாக்கி மாதிரி ஒரு வெடி வெடித்தது. மாடு வாளியை உதைத்துத் தள்ளியது.

அந்த என்ஜின். அதே உறுமல்.

பால் சொட்டுகிற கையோடு ஓடிவந்து பார்த்தாள். நீலப் புகை. புகைக்கு நடுவே தலைத்துணியைக் கழுத்துக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கனிஷாய். தொட்டில் நிறையப் பால் கேன்கள்.

“காலை வணக்கம் அக்கா!” என்று கத்திக்கொண்டே இறங்கிப் போனாள்.

அனார்குல் நேரே குபாத்தின் வீட்டுக்குப் போனாள். அவன் இன்னும் போர்வைக்குள் இருந்தான்.

“எழுந்திரு குட்டிப் பையா. உன் கோழிக்கூடு ரோட்டுல ஓடுது.”

குபாத் எழுந்து உட்கார்ந்தான். மறைக்க என்ன இருக்கிறது? என்ஜின், தொட்டில், சட்டம், எல்லாமே கனிஷாய்க்காகத்தான் வாங்கப்பட்டது. ஆடு மேய்க்கிறவன் அவளுக்குச் சித்தப்பா மகன். முகாஷ் மூட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டான்.

“என் சோத்தைத் தின்னு வளந்தவன்டா நீ.”

“அவங்களும் எனக்கு அண்ணிதானே.”

“அண்ணியா?”

“நீங்க எனக்கு ஒரு பேர் வச்சீங்க. அவங்களும் ஒரு பேர் வச்சிருக்காங்க.”

“என்ன பேர்?”

குபாத் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “பெரியவரே.”

அனார்குல்லுக்குச் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால்.

“சரிங்க பெரியவரே. ஊர்ல இவ்வளவு தெரு இருக்க, என் வாசல்ல வந்து எதுக்கு அவ வெடிக்கிறா?”

“நீங்கதான் காரணம் அண்ணி. கிக்கர் உங்ககிட்ட இருக்கு. அது இல்லாம இறக்கத்துல உருட்டித்தான் ஸ்டார்ட் பண்ணணும். மேலிருந்து விட்டா உங்க வாசல் வரும்போதுதான் வேகம் பிடிக்குது. அங்கதான் கிளட்சை விட்டாகணும். ரோட்டுல லாரி வர்ற வரைக்கும் என்ஜினை அணைக்காம வச்சிருக்காங்க, பாவம்.”

“முகாஷ் கடையில வேற கிக்கர் கிடையாதா?”

“டப்பா நிறையக் கிடக்கு. வேணாம்னுட்டாங்க.”

அதற்குப் பிறகு தினமும் விடிகாலை அதே தடதடப்பு, அதே வெடி. மாடு பாலை அடக்கிக்கொள்ள ஆரம்பித்தது. கோழி முட்டையிட இடம் மாற்றியது. அனார்குல் முதல் வாரம் திட்டினாள். அப்புறம் வாசலில் சாம்பல் கொட்டிவைத்தாள். சாம்பல் பறந்து அவள் வீட்டுத் துணியில்தான் படிந்தது. கடைசியில் ஒரு நாள் ஆணியில் இருந்து கிக்கரை எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்றாள். வண்டி வெடித்து, உயிர் பிடித்து, அவள் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றது.

“இந்தா, பிடி. இதை மாட்டிக்கிட்டு உன் வீட்டு வாசல்லயே உதைச்சுக்கோ. வாய்க்கால் ஓரமா பின்பக்கம் பாதை போகுதில்ல, அதுல போ. இந்தத் தெருவை மற.”

கனிஷாய் கையை நீட்டவில்லை. ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கிக்கொண்டே சொன்னாள்:

“அய்யோ, வித்தவங்க கயிறை வாங்கினவ தொடலாமா? உங்க வீட்டுக் கொடுப்பினையை நான் தூக்கிட்டுப் போயிட்டேன்னு ஊர் சொல்லும். ஏற்கெனவே ஒண்ணைச் சொல்லிக்கிட்டிருக்கு. அது போதும் அக்கா.”

அனார்குல்லைச் சுற்றிக்கொண்டு வண்டி போயிற்று. கிக்கர் அவள் கையில் கனத்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் காலை தடதடப்பு வந்தது, வெடி வரவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரி ஒரு இருமல், அவ்வளவுதான். அனார்குல் வெளியே வந்தபோது வண்டி அவள் கேட்டுக்கு நேரே, சேற்றில் அச்சு பதித்து நின்றுகொண்டிருந்தது. அங்கே இறக்கம் முடிந்து கொஞ்ச தூரம் தரை சமமாகிவிடும். கனிஷாய் இறங்காமல் கையைக் கட்டிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“எடு வண்டியை.”

“தனியா எப்படி மேட்டுல ஏத்துறது? சாயங்காலம் ஆம்பளைங்க யாராவது வருவாங்க. அது வரைக்கும் இங்கதான்.”

“என் வாசல்லயா?”

“வாசல் உங்களுது. ரோடு எல்லாருக்கும்.”

“பால் திரியட்டும், நல்லா திரியட்டும்.”

“திரியட்டும். நாத்தம் யார் மூக்குக்கு வரும்?”

எதிர்வேலியில் தலைகள் முளைத்தன. குடை பிடித்துக்கொண்டு ஒருத்தி வேடிக்கை பார்க்க வெளியிலேயே வந்துவிட்டாள். அனார்குல் பல்லைக் கடித்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு பின்னால் போய்த் தொட்டிலின் விளிம்பைப் பிடித்துத் தள்ளினாள். எத்தனை வருஷம் உட்கார்ந்த தொட்டில். வெளியே நின்று தொட்டால் இவ்வளவு கனம் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. வண்டி கொஞ்சம் நகர்ந்தது, இருமியது, நின்றது. சேறு அவள் பாவாடை முழுக்க.

“உக்காரத்தான் தெரியும்னு நெனச்சேன்” என்றாள் கனிஷாய், திரும்பிப் பார்க்காமல். “தள்ளவும் தெரியலையே.”

அனார்குல் கையை எடுத்தாள். விடுவிடுவென்று கொட்டகைக்குள் போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் கிக்கரும் மறு கையில் அசனாலியின் பழைய ஸ்பேனரும் இருந்தன. சேற்றில் மண்டி போட்டு உட்கார்ந்து, அந்த இரும்பைத் தண்டில் பொருத்தி, போல்ட்டைச் செருகி முறுக்க ஆரம்பித்தாள்.

“என்ன பண்றீங்க? நான்தான் வேணாம்னு சொன்னேனே. கயிறை நான் வாங்க மாட்டேன்.”

“உனக்கு யாரு கொடுத்தா? என் குதிரைக்கு என் கயிறை நான் கட்டுறேன்.”

“உங்க குதிரையா? விலை கொடுத்து வாங்கினது நான்!”

“கயிறு யாருதோ குதிரை அவங்களுது. கயிறைக் கட்டியிருந்தா அது விக்காத குதிரை. ஊர்ல யாரை வேணாலும் கேளு.” வேலியைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “ஏய், சொல்லுங்களேன், உண்மையா இல்லையா?”

வேலிக்குப் பின்னால் சிரிப்பு கிளம்பியது. “உண்மைதான்!” என்று யாரோ ஒரு கிழவர் கத்தினார்.

“ஆக, நீ எனக்கு மேய்க்கிறவ” என்றாள் அனார்குல், கடைசிச் சுற்றை முறுக்கிக்கொண்டே. “குதிரையைக் கொடுத்திருக்கேன். பாலை ஊத்திட்டு ஒழுங்கா வந்து சேரு.”

கனிஷாயின் முகம் சிவந்துபோயிற்று. “அப்போ சம்பளம்?”

“அதை அவர் இருந்தப்பவே வாங்கிட்ட.”

இதற்கு வேலியில் யாரும் சிரிக்கவில்லை. மழை மட்டும் டேங்கின்மேல் விழுந்துகொண்டிருந்தது. கனிஷாய் இறங்கி, கிக்கரில் காலை வைத்து ஓங்கி உதைத்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு உதை. அதற்கும் ஒன்றுமில்லை.

“ரெண்டு தடவை மெதுவா” என்றாள் அனார்குல். “அப்புறம்தான் ஓங்கி.”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. சாயங்காலம் சாயங்காலமாகக் கொட்டகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்ட சத்தம்: மெதுவாக ஒன்று, மெதுவாக ஒன்று, அப்புறம் ஓங்கி.

கனிஷாய் அவளை ஒரு பார்வை பார்த்தாள். மெதுவாக உதைத்தாள். மெதுவாக உதைத்தாள். ஓங்கி உதைத்தாள். என்ஜின் பிடித்துக்கொண்டது.

“முதலாளி ஏறலையா?” என்று சத்தத்துக்கு மேல் கத்தினாள். “கேனைத் தள்ளி வச்சா தொட்டில்ல இடம் இருக்கு.”

“பால் நாத்தம் எனக்கு ஆகாது. நாளையிலிருந்து வாய்க்கால் பாதை. கேட்டுச்சா?”

கேட்டதா இல்லையா என்று கனிஷாய் காட்டிக்கொள்ளவில்லை. சேற்றை வாரி அனார்குல்லின்மேல் அடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிகாலை அனார்குல் மாட்டின் பக்கத்தில் வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தடதடப்பு வரவில்லை. மேலே, கடைசி வீட்டில், தூரத்தில் கேட்டது: மெதுவாக ஒன்று, மெதுவாக ஒன்று, ஓங்கி ஒன்று. உறுமல் எழுந்தது. பின்பக்கமாகத் திரும்பி, வாய்க்கால் ஓரமாக நெளிந்து நெளிந்து போயிற்று. வாசலில் ஒரு புகைகூட இல்லை. மாடு பாலை விட்டது.

அன்று குபாத் கொஞ்சம் தைரியமாக வந்து உட்கார்ந்தான்.

“இப்போ திருப்தியா அண்ணி?”

“என்ன திருப்தி? வாய்க்கால் மேட்டுல அவ ரெண்டாவது கியர்லயே கத்த விடுறா. என் என்ஜினைக் கெடுத்துக் குட்டிச்சுவர் பண்ணிடுவா. போய்ச் சொல்லு.”

“நான் போய்ச் சொல்றதா?”

“நீதானே பெரியவரு” என்று அனார்குல் அவன் கிண்ணத்தை விளிம்பு வரைக்கும் நிரப்பினாள்.